பெருங்குடலை அகற்றிய பின்: தீவகத்தவர் அறியவேண்டியவை

“பெருங்குடலை எடுத்துவிட்டால் ஆள் உயிரோடு இருக்கலாமோ?” நெடுந்தீவில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இருக்கலாம், நானே இருக்கிறேன். ஆனால் சத்திரசிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பின்னால் என்னென்ன வரலாம் என்பதை, பெரிய வைத்தியசாலைக்குப் போகப் படகு ஏறவேண்டிய நாங்கள் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெருங்குடல் புண் அழற்சி என்பது குடலின் உட்சுவர் புண்ணாகி, இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டத்தைத் தரும் நீண்டகால நோய். பெரும்பாலானோர் மருந்துகளோடு சமாளிக்கிறார்கள். ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2020இல் பதவி விலகியபோது இந்த நோயையே காரணமாகச் சொன்னார். மருந்துக்குக் கட்டுப்படாதபோதும், குடல் விரிந்து வெடிக்கும் அபாயம் வரும்போதும், புற்றுநோய்க்கான மாற்றங்கள் தென்படும்போதும் பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றுகிறார்கள்.

அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறுகுடலின் நுனியை வயிற்றுச் சுவரில் திறந்து வெளியே பை ஒட்டுவது. இதை ஸ்ரோமா என்பார்கள். மற்றது, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து உள்ளேயே பைபோலத் தைத்து ஆசனவாயுடன் இணைப்பது. லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையின் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கல்ஸும் 1978இல் இம்முறையை வெளியிட்டார்கள். எனக்குச் செய்தது இதுதான். தையல் ஆறும்வரை சில மாதங்கள் தற்காலிக ஸ்ரோமாவும் இருந்தது.

வரக்கூடிய சிக்கல்கள்

முதல் வாரங்களில் பயப்படவேண்டியது தையல் கசிவு. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் அதன் அறிகுறிகள். பிற்காலத்தில் உட்பை அழற்சி வரலாம். ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் அடங்கிவிடும். இடுப்புப் பகுதியில் தழும்பு விழுவதால் பெண்களுக்குக் கருத்தரிப்பது கடினமாகலாம். பிள்ளை பெற விரும்புவோர் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியருடன் இதைப் பேசவேண்டும்.

குடல் அடைப்பும் பொதுவானது. உள்ளே விழும் தழும்பு ஒரு காரணம், நார் உணவு இன்னொன்று. எங்கள் ஊர்ப் பனங்கிழங்கையும் பனம்பழத்தையும் முதல் சில வாரங்கள் தொடவே வேண்டாம். பிறகும் கொஞ்சமாக, நன்றாக மென்றுதான்.

ஸ்ரோமா உள்ளவர்களை அடிக்கடி திரும்ப வைத்தியசாலைக்கு அனுப்புவது நீரிழப்பு. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. அது இல்லாதபோது இரண்டும் பையில் வந்துவிடும். ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்கு மேல் வெளியேறினால் கவனம் தேவை. தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு மேலும் வெளியேறும். இளநீரிலும் சோடியம் குறைவு. எங்கள் கிணற்று உவர்நீர் இதற்கு மருந்தாகாது, ஏனென்றால் உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் சேர்ந்தால்தான் சிறுகுடல் அதை உறிஞ்சும். ஜீவனிதான் பொருத்தம். சிறுநீர் குறைந்து நிறம் கடுமையாவது, கால் தசை பிடிப்பது, எழும்பும்போது தலைசுற்றுவது எல்லாம் எச்சரிக்கை.

பலன் என்ன?

பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் உட்பை பல ஆண்டுகள் நிலைக்கிறது. நாளொன்றுக்கு நான்கு முதல் எட்டுத் தடவை மலம் கழியும், இரவில் ஒருமுறை எழும்பவேண்டியும் வரலாம். ஆனால் அவசரமும் இரத்தப்போக்கும் போய்விடும். குறிகட்டுவான் வரையான ஒரு மணிநேரப் படகுப் பயணம் முன்பு எனக்குப் பெரும் பயம். இப்போது கரையைத் தேடாமல் இருந்து போகிறேன்.

காற்றும் மழையும் கூடும் நாட்களில் படகு ஓடாது. ஆகவே மேலதிகப் பைகள், ஜீவனி, வைத்தியர் எழுதித்தந்த மருந்து என்பவற்றை இரண்டு வாரத்துக்காவது வீட்டில் வைத்திருங்கள். ஸ்ரோமாவில் ஆறு மணித்தியாலமாக எதுவும் வராமல் வயிறு வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே தீவு வைத்தியசாலைக்குப் போங்கள். இரவிலும் கடற்படைப் படகில் நோயாளரை அக்கரை சேர்ப்பது இங்கே நடக்கிற விடயம்தான்.