அழத் தெரியாத நோயாளி!

வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும். பூனை ஈனக் குரலில் கத்தும். கோழிகூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்யும்? கத்தாது. அழாது. கண்ணை மூடிப் படுக்கக்கூட அதனால் முடியாது. மூடுவதற்கு அதற்கு இமையே இல்லையே!

"பாம்பென்றால் படையும் நடுங்கும். அதற்கு வைத்தியமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்காவில் நாய், பூனை போலவே பாம்பையும் செல்லமாக வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் முதன்முதலில் வாங்குவது 'கார்ன் ஸ்நேக்' என்ற பாம்பை. அந்த நாட்டின் தென்கிழக்குப் பகுதிதான் இதன் சொந்த ஊர். விஷம் கிடையாது. செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள். வயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வளர்ந்த பாம்பு 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். எலிதான் உணவு. நன்றாகக் கவனித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும்.

நன்றாகக் கவனிப்பது எப்படி? நோயாளி வாய் திறந்து சொல்லாதபோது, வளர்ப்பவரின் கண்தான் பேச வேண்டும்.

முதல் மருந்து: ஒரு நோட்டு!

பாம்பு வளர்ப்பவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் யோசனை, ஒரு நோட்டுப் போடுங்கள் என்பதுதான். என்றைக்கு இரை கொடுத்தோம், தின்றதா, கழிவு எப்படி இருந்தது, என்றைக்குச் சட்டை உரித்தது, எடை எவ்வளவு என்று தேதி போட்டு எழுதி வைப்பார்கள். பாம்பு தினமும் சாப்பிடாது. வளர்ந்த பாம்புக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரை போதும். அதனால், 'போன தடவை எப்போது தின்றது?' என்பது சுலபமாக மறந்துபோகும். நோட்டு மறக்காது!

கண் நீலமானால் பயமில்லை

ஒருநாள் பாம்பின் கண் பால் கலந்ததுபோல் நீலமாக மங்கிவிடும். தோலும் பளபளப்பை இழக்கும். இரையை நீட்டினால் திரும்பிக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர் பதறிப் போவார். ஆனால், இது நோயல்ல. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சுரப்பதால் வரும் நிறம். சில நாட்களில் கண் தெளியும். அதன்பின் இன்னும் சில நாட்களில் பாம்பு சட்டை உரிக்கும். அதுவரை அதைத் தூக்காமல், தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும்.

சட்டை சிக்கிக்கொண்டால்?

ஆரோக்கியமான பாம்பின் சட்டை, நாம் காலுறையைக் கழற்றுவதுபோல் உட்புறம் வெளியாகத் திரும்பி, ஒரே துண்டாக வரும். காற்றில் ஈரம் குறைந்தால் துண்டு துண்டாகக் கிழிந்து, அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். அப்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வால் நுனி, உடம்பு, கண்.

வால் நுனியில் பழைய தோல் வளையமாக நின்றுவிட்டால், விரலில் இறுக்கிக் கட்டிய நூல்போல ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அப்படியே விட்டால் வால் நுனி செத்துவிடும். இதற்குக் கை வைத்தியம் உண்டு. ஆழமில்லாத பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் பாம்பை அரைமணி நேரம் விடுவார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போக விடுவார்கள். ஊறிய தோல் உரசித் தானாகக் கழன்றுவிடும். பிய்த்து இழுக்கக் கூடாது.

கண் விஷயம் வேறு. பாம்பின் கண்மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் உண்டு. சட்டையோடு அதுவும் உரிய வேண்டும். உரியாமல் நின்றுவிட்டால் நகத்தாலோ இடுக்கியாலோ நோண்டக் கூடாது, கண்ணே போய்விடும்! அது கால்நடை மருத்துவரின் வேலை.

நகரும் கறுப்புப் புள்ளி

பாம்பு வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறதா? கண்ணைச் சுற்றியும் தாடைக்குக் கீழும் பாருங்கள். குண்டூசித் தலையளவுகூட இல்லாத கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால், அவை ரத்தம் குடிக்கும் உண்ணிகள். கூண்டின் தரையில் வெள்ளைத் தாள் விரித்தால் அவை பளிச்சென்று தெரியும். உடனே கூண்டைக் காலி செய்து கழுவ வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். வீட்டில் அடிக்கும் பூச்சி மருந்தைப் பாம்பின் மேல் அடித்தால், உண்ணியோடு பாம்பும் போய்விடலாம்.

தின்றதைக் கக்கினால்

பாம்பின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியே இருக்கும் சூட்டை வாங்கித்தான் இரையைச் செரிக்க வைக்கும். ஆகவே, கூண்டின் ஒரு பக்கம் சுமார் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் சுமார் 25 டிகிரி என்று வைப்பார்கள். குளிர் அதிகமானாலோ, தின்றவுடன் தூக்கி விளையாடினாலோ இரையைக் கக்கிவிடும். தின்ற பிறகு இரண்டு நாட்களுக்குத் தொடக் கூடாது என்பது இதனால்தான். கக்கிவிட்டால், 'பாவம், பசிக்குமே' என்று உடனே இன்னோர் எலி கொடுப்பது தவறு. பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும். மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது, மூக்கிலும் வாயிலும் குமிழி வருவது, மூச்சில் 'கர் கர்' சத்தம். இவை நுரையீரல் நோயின் அடையாளங்கள். நம்மைப் போல் இருமிச் சளியை வெளியே தள்ளப் பாம்பால் முடியாது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஒன்றை மறக்காதீர்கள். பாம்பின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது பாம்பை ஒன்றும் செய்யாவிட்டாலும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். எனவே, தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. அதோடு, சாரையா நாகமா என்பதில் பெரியவர்களே ஏமாறுவதுண்டு. வீட்டில் பாம்பைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். பெரியவர்களிடம் சொல்லி, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள்.

சென்னை கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கண்ணாடிக்குள் இருக்கும் பாம்புகளின் கண்களை உற்றுப் பாருங்கள். நீலம் பாரித்த கண் ஒன்று தென்பட்டால், 'இது சட்டை உரிக்கப் போகிறது' என்று உடன் வந்தவர்களிடம் சொல்லி அசத்தலாம்!

பாம்பு இல்லாவிட்டால் என்ன? உங்கள் வீட்டில் ஆடோ, கோழியோ, நாயோ இருக்கும். எல்லாம் வாயில்லா ஜீவன்கள்தாம். பழைய நோட்டில் மீந்த தாள்கள் இருக்கின்றன அல்லவா? இன்று எவ்வளவு தின்றது, எப்படி நடந்தது என்று தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். ஒருநாள் அது வழக்கம்போல் இல்லை என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.