சி டிரைவ் நிரம்பி வழிகிறதா? பைலை அழிக்காதீங்க... இடத்தை மட்டும் காலி பண்ணுங்க!

முகூர்த்த சீசன் வந்துவிட்டால் போட்டோ ஸ்டூடியோக்காரர்களுக்கு ராத்திரி, பகல் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும். சி டிரைவ் பட்டை சிவப்பாக மாறும். புது படத்தை ஏற்றினால் "இடம் இல்லை" என்று திரையில் எச்சரிக்கை வந்து நிற்கும்.

ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், ஆன்லைன் பாடம் படிக்கும் பிள்ளைகள் என்று பலருக்கும் இதே தலைவலிதான். கடையில் 256 ஜி.பி. என்று சொல்லி வாங்கிய டிஸ்க், விண்டோஸ் கணக்கில் சுமார் 238 ஜி.பி.தான் காட்டும். அதிலும் விண்டோசும் மற்ற புரோகிராம்களும் ஒரு பங்கை பிடித்துக்கொள்ளும்.

அப்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "எல்லாம்தான் கிளவுட்ல ஏறிடுச்சே, இங்க இருக்கறதை அழிச்சிட்டா என்ன?" என்று போல்டரை பிடித்து டெலீட் அடித்து விடுகிறார்கள். அங்கேதான் வினையே ஆரம்பம்.

கீழே அழித்தால் மேலேயும் போகும்

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம் பைலை வைப்பதுதான் கிளவுட். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் இந்த ரகம்.

இவற்றின் போல்டர் நம் கம்ப்யூட்டரிலும் இருக்கும். கீழே ஒரு மாற்றம் செய்தால் மேலேயும் அதே மாற்றம் நடக்கும். இதைத்தான் 'சிங்க்' என்கிறார்கள். ஆகவே கம்ப்யூட்டரில் அந்த போல்டருக்குள் ஒரு பைலை டெலீட் செய்தால், கிளவுட்டில் இருப்பதும் போய்விடும். அதே கணக்கை போட்டுள்ள மற்ற கம்ப்யூட்டர், செல்போனிலும் மறைந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒன்டிரைவில் பேக்கப் வசதி ஆன் ஆகி இருந்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய போல்டர்களும் ஒன்டிரைவுக்குள் போய்விடும். டெஸ்க்டாப்பில்தானே அழித்தோம் என்று நினைப்பார்கள். மேலேயும் காலியாகி இருக்கும்.

சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி

அப்படியானால் இடத்தை காலி செய்வது எப்படி? அதற்கு தனி வழி இருக்கிறது. ஒன்டிரைவில் இந்த வசதி 2017-ம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுடன் வந்தது. விண்டோஸ் 11-லும் உண்டு.

பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் கையில் டோக்கன் மட்டும் இருக்கும் அல்லவா? அதே கதைதான். பைல் கிளவுட்டில் இருக்கும். கம்ப்யூட்டரில் பெயர் மட்டும் தெரியும். திறந்தால் அப்போது இறங்கி வரும். டெலீட் என்பது வண்டியையே விற்றுவிடுவது மாதிரி.

செய்ய வேண்டியது வருமாறு:-

* ஒன்டிரைவ் போல்டரை திறந்து, பெரிய போல்டர் ஒன்றின் மீது மவுசின் வலது பட்டனை அழுத்த வேண்டும்.
* வரும் பட்டியலில் 'ப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை கிளிக் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-ல் இது 'ஒன்டிரைவ்' என்ற வரிக்குள் இருக்கும்.
* பைல் பக்கத்தில் நீல மேகம் வந்தால், அது மேலே மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை டிக் இருந்தால் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால், எப்போதும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.
* 'பிராப்பர்டீஸ்' பார்த்தால் 'சைஸ்' பழையபடியே காட்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரி குறைந்திருந்தால் இடம் காலியாகிவிட்டது.

கூகுள் டிரைவை கம்ப்யூட்டரில் போட்டிருப்பவர்கள், அதன் செட்டிங்கில் 'மிர்ரர் பைல்ஸ்' இருந்தால் 'ஸ்ட்ரீம் பைல்ஸ்' என்று மாற்றலாம். மிர்ரர் என்றால் முழு காப்பியும் டிஸ்க்கில் இருக்கும். ஸ்ட்ரீம் என்றால் தேவைப்படும்போது மட்டும் வரும்.

தானாகவே காலி ஆகும் வசதி

செட்டிங்ஸ் - சிஸ்டம் - ஸ்டோரேஜ் போனால் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று இருக்கும். அதில் 30 நாள் திறக்காத ஒன்டிரைவ் பைலை மேலே மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லி வைக்கலாம். 14 நாள், 60 நாள் என்றும் வைக்கலாம்.

இதை மறக்காதீங்க

நீல மேகம் உள்ள பைலை திறக்க நெட் வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஆல்பத்தை காட்டப்போகிறீர்கள், அங்கே சிக்னல் இல்லை என்றால் கதை கந்தல்தான். கிளம்பும் முன்பே அந்த போல்டரில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிட வேண்டும்.

முழுதும் மேலே ஏறி முடியும் வரை பொறுமை வேண்டும். 5 எம்.பி.பி.எஸ். வேகத்தில் 5 ஜி.பி. ஏற சுமார் 2¼ மணி நேரம் ஆகும். பாதியில் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு "ஏறிடுச்சு" என்று நினைக்கக்கூடாது.

இலவச இடத்துக்கும் எல்லை இருக்கிறது. ஒன்டிரைவில் 5 ஜி.பி., டிராப்பாக்சில் 2 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி. கூகுளின் 15 ஜி.பி.யில் ஜிமெயிலும், போட்டோசும் சேர்த்திதான். அதற்கு மேல் வேண்டுமானால் காசு கட்ட வேண்டும்.

தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். சொந்தக் கணக்கு என்றால், பிரவுசரில் ஒன்டிரைவை திறந்து 'ரீசைக்கிள் பின்' பார்த்தால் 30 நாள் வரை திரும்ப எடுக்கலாம். கூகுள் டிரைவிலும் 'டிராஷ்' பகுதியில் 30 நாள் இருக்கும். அதற்குப் பிறகு கஷ்டம்தான். ஆகவே தெரிந்த அன்றைக்கே தேடிப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான படம், சர்ட்டிபிகேட், பத்திரம் ஆகியவற்றின் ஒரு காப்பியை தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு பீரோவில் வைப்பது நல்லது. இடம் போனால் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டும் படம் போனால், மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறுபடி மணவறையில் உட்கார வைக்கவா முடியும்?