கம்பியின் கடைமடை

சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. சுவிட்சில் இருந்த எலெக்ட்ரான்கள் ஓடிப்போய் விளக்கை ஏற்றின என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருப்போம். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது எலெக்ட்ரான்கள் முன்னேறும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். நத்தைகூட இதைவிட விரைவாக ஊரும். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தில் அந்தப் பயணமும் கிடையாது. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதோடு சரி.

பிறகு விளக்கை ஏற்றியது எது? மின்காந்தப் புலம். தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கிறது. ஆனால் வடத்தின் முன்முனையில் நிற்பவர் கொடுக்கும் இழுப்பு, அவர் இருந்த இடத்திலிருந்தே தேரை எட்டிவிடுகிறது. கம்பியில் அந்த இழுப்பைக் கொண்டுசெல்வது புலம். ஆற்றல் செம்புக்குள் ஓடுவதில்லை, கம்பியைச் சுற்றியுள்ள வெளியில்தான் செல்கிறது என்று 1884இல் ஜான் ஹென்றி பாயிண்டிங் கணித்துக் காட்டினார். கம்பி அதற்கு வழி காட்டுகிறது.

புலம் ஒளியோடு போட்டி போடக்கூடியது. அப்படியிருக்க, கருவிகளில் தாமதம் எங்கிருந்து வருகிறது? விடை முதலில் கிடைத்தது அட்லாண்டிக் கடலின் அடியில்.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து ஒரு தந்திக் கேபிள் போடப்பட்டது. விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்தில் சுமார் 100 சொற்கள். அது போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. சைகைகள் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து வந்தன.

வாய்க்காலில் தண்ணீர் திறந்தவுடனே கடைமடைக்கு வந்துவிடாது. காய்ந்த தரை முதலில் குடிக்கும்; பள்ளங்கள் நிரம்பும்; அதன் பிறகுதான் கடைசி வயல். அந்தக் கேபிளும் அப்படித்தான். நடுவே செம்பு, அதன்மேல் குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் உறை, வெளியே உப்புநீர். இந்த அமைப்பு மொத்தமும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு மின்தேக்கி. சைகை மறுகரையைத் தொடுமுன் வழிநெடுக மின்னூட்டத்தை நிரப்பியாக வேண்டும். செம்பின் தடை அந்த நிரப்புதலை மெதுவாக்குகிறது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், இதன் கணக்கை 1855இலேயே வெளியிட்டிருந்தார். நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்கு, நிரப்ப வேண்டியதும் இருமடங்கு. ஆக, தாமதம் நான்கு மடங்கு.

கேபிள் நிறுவனத்தின் மின்பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அதிக அழுத்தம் கொடுத்தால் சைகை விரையும் என்று நம்பி, சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த கேபிள் சில வாரங்களில் செத்தது. 1866இல் வெற்றி கண்ட கேபிளில் செம்பு ஏறத்தாழ மூன்று மடங்கு, உறையும் தடிமன். தாம்சனின் கணக்கு கேட்டது அதைத்தான்.

இன்று அந்த அட்லாண்டிக், நகக்கண் அளவுச் சில்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கும்போது அவை வேகம் பெறுகின்றன. அவற்றை இணைக்கும் கம்பிகளோ மெலிய மெலியத் தடை கூடுகிறது. பக்கத்துக் கம்பி நெருங்கி வருவதால் இரண்டுக்கும் இடையே மின்தேக்கம் வளர்கிறது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும் அதே நேரத்தில் அண்டைக் கம்பியில் இறங்கினால், சைகையின் வேகம் இன்னும் குறையும். தடையும் தேக்கமும்: அதே பழைய நோய்.

மருந்தும் பழையதுதான். 1997இல் ஐபிஎம் சில்லுகளுக்குள் அலுமினியத்தை விட்டுவிட்டுச் செம்புக்கு மாறும் வழியை அறிவித்தது. செம்பின் தடை ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. கம்பிகளுக்கு இடையே குறைவாகத் தேக்கும் காப்புப் பொருள்களும் வந்தன. நீண்ட கம்பியைத் துண்டாக்கி, நடுநடுவே சைகையைப் புதுப்பிக்கும் சிறு சுற்றுகளையும் வைக்கிறார்கள். பத்துத் துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றின் தாமதமும் நூறில் ஒரு பங்கு. பத்தையும் கூட்டினால் பத்தில் ஒரு பங்குதான். புதுப்பிக்கும் சுற்றுகள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாலும் இது லாபமே.

இவ்வளவுக்குப் பிறகும் ஒளியின் வேகம் என்ற எல்லை நிற்கிறது. கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர், சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கேட்பவர் கையில் கொடுத்து, "ஒரு நானோநொடி" இதுதான் என்பார். ஒளி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் அது. மூன்று கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்பில் ஒளி செல்வது 10 சென்டிமீட்டர். மதர்போர்டின் காப்புப் பொருள் புலத்தை ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறக்குவதால், அங்கே ஐந்து சென்டிமீட்டர்தான்.

பழைய மதர்போர்டு ஒன்று கிடைத்தால், பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே பாருங்கள். நேராகப் போகக்கூடிய செம்புக் கோடுகள் சில, பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். ஒன்றாகப் புறப்பட்ட சைகைகள் ஒன்றாகவே போய்ச்சேர, குறுக்குவழி கிடைத்த கோட்டை வேண்டுமென்றே நீட்டியிருக்கிறார்கள். நம் கண்ணால் பார்க்க முடியாத காலத்துளியை, அங்கே விரலால் தடவிப் பார்க்கலாம்.