கை தட்டுறது ஆடியன்ஸ் வேலை!

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. வாசலில் செருப்புக் குவியல், கூடம் முழுக்கக் கறுப்பு ஒயர். "மிதிக்காம வாங்க, கேமராமேன் கத்துவார்" என்று கிசுகிசுத்தபடி அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஓடிடிக்காகத் தயாராகும் தமிழ்த் தொடர். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள். கதாநாயகி ஒரு திருநங்கை, தையல் கடை வைத்திருக்கிறாள். இன்றைய காட்சியில் அவள் சாகப்போவதில்லை, யாரையும் சபிக்கப்போவதும் இல்லை. மோட்டார் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று ஹவுஸ் ஓனரோடு மல்லுக்கட்டப் போகிறாள். கேட்டதுமே எனக்கு விசிலடிக்கத் தோன்றியது!

மேக்கப் ரூம் என்று அழைத்துப்போனது ஒரு ஸ்டோர் ரூமுக்கு. அரிசி மூட்டைமேல் விக், கண்ணாடி விளிம்பில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு, ஜன்னல் கம்பியில் காயும் ஜாக்கெட். நடுவே நம் நாயகி. நிஜத்திலும் திருநங்கை, செட்டில் எல்லாருக்கும் அக்கா. மேக்கப் அண்ணன் பழைய பழக்கத்தில் கன்னம் நிறைய ரோஸ் பவுடர் அப்பி, இருப்பதிலேயே பெரிய பொட்டைக் கையில் எடுத்தார். அக்கா கண்ணாடியைப் பார்த்தார். "அண்ணே, நான் தையல் கடைக்குப் போறேன். கூவாகம் திருவிழாவுக்கா போறேன்?" ரூமே குலுங்கியது. அண்ணனும் சிரித்துக்கொண்டே பவுடரைத் துடைத்தார்.

அடுத்து ஒத்திகை. வசனப் பேப்பரில், சண்டை சூடுபிடிக்கும் இடத்தில் 'கை தட்டுகிறாள்' என்று இருந்தது. அக்கா பேனாவால் ஒரே அடி. "அது இருந்தாத்தானேக்கா பார்க்கிறவங்களுக்குத் திருநங்கைன்னு புரியும்?" என்று ஒரு குரல். "நான் எதுக்குடா தட்டணும்? கை தட்டுறது ஆடியன்ஸ் வேலை!" டைரக்டர் மேடமே முதலில் தட்டிவிட்டார். டிவி காமெடி ஷோக்களில் ஓர் ஆண் லேடி கெட்டப்பில் வந்து இடுப்பை ஆட்டினாலே சிரித்துப் பழகியவர்கள் நாம். எழுதுகிறவர்களும் அதே ஷோக்களைப் பார்த்துத்தானே வளர்ந்தார்கள்! அக்காவை முதலில் வசனம் சரிபார்க்க மட்டும்தான் கூப்பிட்டார்களாம். அவர் வாசித்துக் காட்டியதைக் கேட்ட மேடம், வேறு நாயகி தேடுவதையே நிறுத்திவிட்டார்.

டீ பிரேக். 2022-ல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட பால்புதுமையினருக்கான சொற்பட்டியலின் ஜெராக்ஸ் இந்த செட்டில் கைக்குக் கை சுற்றுகிறது. யாரோ அதன்மேல் மசால்வடையை வைத்துவிட, அசிஸ்டென்ட் பெண் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே பழைய கதைக்குப் போனார். 2008-ல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தபோது, டிவி கடை வாசலில் நின்று பார்த்தாராம். திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் நடத்திய டாக் ஷோ. "நம்மள மாதிரி ஒருத்தி கேள்வி கேக்குறா, எதிர்ல உக்காந்திருக்கவங்க பதில் சொல்றாங்க. நம்பவே முடியல!" தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்ததும் அதே வருஷம்தான்.

'பாவக் கதைகள்' பேச்சு வந்ததும் காஸ்ட்யூம் தம்பி உருகிவிட்டான். 2020-ல் வந்த அந்தத் தொகுப்பில், சுதா கொங்கராவின் 'தங்கம்' கதையில் சத்தார் என்ற திருநங்கையாகக் காளிதாஸ் ஜெயராம். அக்காவுக்கும் அது பிடிக்கும். "ஆனா அந்த வேஷத்துக்கு எங்கள்ல ஒருத்தி கிடைக்கலையா?" என்கிறார். 'மேட் இன் ஹெவன்' இந்தித் தொடரின் 2023 சீசனில் மெஹர் என்ற திருநங்கையாக வந்தவர் டாக்டர் த்ரிநேத்ரா, அவரே திருநங்கை. காளிதாஸ் பிரமாதமாக நடித்தார், மறுக்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு அக்காவுக்குத்தான்.

மத்தியானம் தெருவில் பஸ் ஸ்டாப் செட். தொடரின் இன்னொரு ஜோடி, காதலிக்கும் இரண்டு பையன்கள். நம் மெகா சீரியல்களில் இப்படியொரு ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிய வெயிலில், முதல்முறையாக விரல் கோத்துக்கொள்ளும் காட்சி. ஒருவனுக்குக் கை நடுக்கம். காலையில்தான் போனில் அம்மாவிடம், "ஹீரோவோட ஃப்ரெண்ட் வேஷம்மா" என்று சொல்லியிருக்கிறான். டேக் மேல் டேக். தெர்மாகோல் பிடித்துக்கொண்டிருந்த நரைமீசை லைட்மேன் மெதுவாக அவன் பக்கம் வந்தார். "தம்பி, கையைப் பார்க்காத. பஸ் வருதான்னு பாரு. நாங்கள்லாம் அப்படித்தான் பிடிச்சோம்." அடுத்த டேக் ஓகே! ஏழெட்டு வாரம் ரிகர்சல் பார்த்தாலும் அந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது.

மறுபடி வீட்டுக்குள். லைவ் சவுண்ட் என்பதால் ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப். "சைலன்ஸ்!" பக்கத்து வீட்டு குக்கர் மூன்று விசில் கொடுத்து முடிக்கும்வரை நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு அக்கா கரண்ட் பில்லை ஹவுஸ் ஓனர் முகத்துக்கு நேரே ஆட்டி ஒரு பிடி பிடித்தார் பாருங்கள்! மானிட்டருக்குப் பின்னால் நின்ற நான் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஓனராக நடித்த பெரியவரே வசனத்தை மறந்து, "சரிம்மா, நானே கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டார். அதையே ஓகே பண்ணிவிட்டார்கள்.

தொடர் வரும்போது ஒரே ஒரு வேண்டுகோள். ஆரம்பத்தில் ஓடும் டைட்டில் கார்டைத் தள்ளிவிடாதீர்கள். நடிப்பில் ஒன்று, வசனத்தில் ஒன்று என அக்காவின் பெயர் அதில் இரண்டு முறை வருகிறது.