பயன்படுத்தப்பட்ட இலகு வானூர்தித் தேர்வு (கருவிவழிப் பறப்பு)

கருவிவழிப் பறப்புக்கான பயன்படுத்தப்பட்ட இலகு வானூர்தித் தேர்வு என்பது, ஏற்கெனவே பறந்த சிறிய வானூர்தி ஒன்றைத் தனியார் நெடுந்தொலைவுப் பயணத்துக்காக வாங்கும் முன் அதன் தகுதியை ஆராயும் முறை ஆகும். கருவிவழிப் பறப்பில் வானோடி நிலத்தையோ தொடுவானத்தையோ காணாமல், கருவிகளை மட்டும் நம்பி முகிலினூடாகச் செல்ல நேரிடும். ஆகவே விலை, வேகம் ஆகியவற்றைவிட மூன்று வினாக்கள் முதன்மை பெறுகின்றன: ஒரு கருவி பழுதடைந்தால் ஈடுசெய்ய வேறொன்று உண்டா? வானூர்தியின் உடலும் பொறியும் அரிப்பின்றி உள்ளனவா? செல்லுமிடத்தில் எரிபொருள் கிடைக்குமா? இவற்றுக்கான விடை பறக்கும் இடத்தைப் பொறுத்தது. இங்கு காவிரிப் படுகை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பயணத் தேவை

தாராசுரத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. மேற்கே திருச்சிராப்பள்ளி விமான நிலையம் உள்ளது. இங்கு ஐ.எல்.எஸ். எனப்படும் கருவித் தரையிறக்க முறைமை உண்டு. தஞ்சாவூரில் இருப்பது வான்படைத் தளம் ஆகும். திருச்சிராப்பள்ளிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 300 கி.மீ. ஆகும். 120 நாட் வேகத்தில் செல்லும் வானூர்திக்கு இது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். ஆனால் சேருமிடம் மூடப்பட்டால் மதுரை போன்ற மாற்று நிலையத்துக்குச் செல்லவும், அதன் பின்னர் மேலும் 45 நிமிடம் பறக்கவும் எரிபொருள் வேண்டும். இவ்வளவு எரிபொருளை நிரப்பிய பின் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்பதே உண்மையான கொள்ளளவு. நான்கு இருக்கை கொண்ட பல வானூர்திகள், எரிபொருள் முழுமையாக நிரம்பிய நிலையில் நான்கு பெரியவர்களைச் சுமக்க இயலாதவை.

கருவிகள்

பழைய வானூர்திகளில் செயற்கைத் தொடுவானக் கருவி பெரும்பாலும் பொறியால் இயங்கும் வெற்றிடப் பம்பைச் சார்ந்தது. பம்பு நின்றால் கருவி உடனே நின்றுவிடாது. அது மெல்லச் சாய்ந்து தவறான நிலையைக் காட்டும். முகிலுக்குள் இதை உணராத வானோடி வானூர்தியைச் சுருள் வீழ்ச்சிக்குக் கொண்டு செல்லக்கூடும். 2000 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னகான் உள்ளிட்ட மூவர் இறந்த செசுனா 335 விபத்தில், முதன்மைத் தொடுவானக் கருவி செயலிழந்தது துணைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. எனவே தனி மின்கலம் கொண்ட இரண்டாவது மின்னணுத் தொடுவானக் கருவியும், இயங்கும் தன்னியக்க வானோடியும் உள்ள வானூர்தி விரும்பத்தக்கது.

இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் திருத்த முறைமை, செங்குத்து வழிகாட்டலுடன் கூடிய அணுகுமுறைகளுக்கு 2015 இல் சான்று பெற்றது. அதைப் பயன்படுத்த உரிய ஏற்பி தேவை. எடுத்துக்காட்டாக, கார்மின் ஜி.என்.எஸ். 430 கருவியின் முதல் வடிவில் இவ்வசதி இல்லை. பின்னர் வந்த 430டபிள்யூ வடிவில் உண்டு. விளம்பரத்தில் இவ்வேறுபாடு எளிதில் தவறிவிடும்.

உடலும் பொறியும்

தாராசுரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் வங்காள விரிகுடா உள்ளது. உப்புக் காற்றும் வயல்வெளி ஈரப்பதமும் அலுமினிய உடலை அரிக்கின்றன. ஆகவே இறக்கையின் உட்புறத்தை ஆய்வுத் துளைகள் வழியே பார்த்தல் இன்றியமையாதது. 2018 இல் புளோரிடாவில் பைப்பர் பி.ஏ.-28 வகை வானூர்தி ஒன்றின் இறக்கை, உலோகச் சோர்வால் பறப்பின்போதே பிரிந்தது. இருவர் இறந்தனர். இதன் பின்னர் அவ்வகையின் பல வானூர்திகளில் இறக்கை விட்டத்தைச் சோதிக்கும்படி அமெரிக்க அதிகாரிகள் ஆணையிட்டனர். இத்தகைய ஆணைகள் நிறைவேற்றப்பட்டதைப் பராமரிப்புப் பதிவேடுகளில் காண வேண்டும்.

லைக்கமிங் பொறிகள் பலவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சீரமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்த மணி நேரம் ஓடிய பொறி எப்போதும் நல்ல பொறி அன்று. பல மாதங்கள் ஓடாமல் நின்ற பொறியின் நெம்புருள் தண்டு துருப்பிடிக்கும். உருளை அழுத்தச் சோதனை, உட்காட்டிச் சோதனை, எண்ணெய்ப் பகுப்பாய்வு ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஈரப்பதம் மிகுந்த வெப்பக் காற்றிலும் கார்புரேட்டரில் பனிக்கட்டி உருவாகும். பொறியின் விசையைக் குறைத்து இறங்கும்போது இவ்விடர் மிகுதி. எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்படும் பொறிகளில் இவ்விடர் இல்லை. 1996 இல் மீண்டும் உற்பத்தி தொடங்கிய செசுனா 172 வானூர்திகள் இத்தகைய பொறி கொண்டவை.

எரிபொருள்

பெட்ரோல் பொறி கொண்ட இலகு வானூர்திகள் பெரும்பாலும் 100 எல்.எல். வானூர்திப் பெட்ரோலில் இயங்குகின்றன. இந்தியாவில் இது எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. நெடுங்காலம் இறக்குமதியாகிவந்த இதன் உள்நாட்டு உற்பத்தியை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 இல் அறிமுகப்படுத்தியது. டயமண்ட் டி.ஏ.40 என்.ஜி. போன்ற டீசல் வகைப் பொறி வானூர்திகள், பயணிகள் விமானங்களுக்கான ஜெட் எரிபொருளிலேயே இயங்குகின்றன. எனவே விலை கூடுதலாயினும் இவை இந்தியப் பயணத்துக்கு ஏற்றவை. இவற்றின் கூட்டுப்பொருள் உடலில் அலுமினிய அரிப்பும் இல்லை.

ஆவணங்களும் பிற செலவுகளும்

வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் பணம் செலுத்தும் முன் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இறக்குமதி விதிகளை அறிதல் வேண்டும். பதிவுச் சான்றும் பறப்புத் தகுதிச் சான்றும் பெறாமல் பறக்க இயலாது. விற்பவரைச் சாராத பொறியாளரைக் கொண்டு சோதித்தல் நலம். சில செலவுகள் வாங்கிய பின்னரே தெரியவரும். எடுத்துக்காட்டாக, சிரசு எசு.ஆர்.22 வானூர்தியின் மீட்பு வான்குடையை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வரம்புகள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் படுகையில் தாழ்முகிலும் இடிமழையும் மிகும். கருவிவழித் தகுதி தாழ்முகிலைக் கடக்க உதவும். இடிமுகிலுக்குள் நுழைய எந்த இலகு வானூர்தியும் ஏற்றதன்று. 2018 நவம்பரில் படுகையைத் தாக்கிய கஜா போன்ற புயல்களின்போது தரையில் நிற்கும் வானூர்திக்கும் ஆபத்து உண்டு. எனவே உறுதியான கொட்டகை கிடைக்குமா என்பதை வாங்கும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.