கொன்றது இலையா, வெள்ளியா?

வேப்பிலையைக் கழுவி, நறுக்கி, தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் இளமஞ்சளாக ஒரு சாறு கிடைக்கும். அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்து வைத்தால் நிறம் மெல்ல மாறி, கடைசியில் பழுப்பாகிவிடும். இலையிலுள்ள பாலிஃபீனால் போன்ற சேர்மங்கள் எலெக்ட்ரானைக் கொடுக்க, வெள்ளி அயனிகள் உலோகமாகி, ஒன்றுசேர்ந்து துகள்களாகிவிட்டன. ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். அந்த அளவில் வெள்ளி பளபளக்காது. நீல ஒளியை விழுங்கிவிட்டுப் பழுப்பாகத் தெரியும். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் 2004-இல் வேப்பிலையைக் கொண்டே இப்படி வெள்ளி, தங்கத் துகள்களை உண்டாக்கிக் காட்டினார்கள்.

துகள் செய்வது சுலபம். அது மலேரியாக் கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் பாடு.

மனிதனுக்கு மலேரியாவைத் தரும் ஃபால்சிபாரம் கிருமி வெறும் ஊட்டக் கரைசலில் வளராது. அதற்கு மனித ரத்தச் சிவப்பணு வேண்டும். ஆக்சிஜனும் குறைவாக இருக்கவேண்டும். 1976-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிராகரும் ஜேம்ஸ் ஜென்சனும் இதற்குக் கண்ட வழி, ஒரு மெழுகுவத்தி. கண்ணாடிச் சாடிக்குள் வளர்ப்புத் தட்டுகளோடு மெழுகுவத்தியையும் ஏற்றி வைத்து மூடினார்கள். சுடர் அணையும் தறுவாயில் மூடியிலுள்ள திறப்பையும் அடைத்துவிட்டால், உள்ளே ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருக்கும். அதுவரை இந்தக் கிருமியை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்க்க யாராலும் முடிந்ததில்லை. வசதியற்ற ஆய்வகங்களுக்கு இந்தச் சாடி பெரிய வரமாக அமைந்தது.

இப்போது 96 குழிகள் கொண்ட தட்டில் கிருமியேறிய ரத்தத்தைப் பிரித்து ஊற்றி, குழிக்குக் குழி துகளின் அளவைப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று, பெருகி, வெடித்து வெளியேறக் கிருமிக்குச் சுமார் 48 மணி நேரம் ஆகும். அவ்வளவாவது காத்திருக்கவேண்டும். பிறகு, எத்தனை மிஞ்சின என்று எண்ணுவது எப்படி?

இங்கேதான் நம் உடம்பின் விநோதம் ஒன்று கைகொடுக்கிறது. மனிதச் சிவப்பணு முதிரும்போதே தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, அதில் டி.என்.ஏ. கிடையாது. வெள்ளணுக்களை முன்பே நீக்கிவிட்டால், குழிக்குள் இருக்கும் டி.என்.ஏ. எல்லாம் கிருமியுடையதுதான். டி.என்.ஏ.வில் ஒட்டினால் பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டு, ஒளியை அளந்தால் கணக்கு வந்துவிடும். மருந்தில்லாத குழியின் ஒளியைப் பாதியாக்கும் அளவு எதுவோ, அதுவே துகளின் வீரியம்.

வீரியம் தெரிந்துவிட்டால் போதுமா? பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும்தான் அந்தக் கிருமி சாகும். ஆகவே வெறும் இலைச்சாறு ஒரு வரிசையில், வெறும் வெள்ளி நைட்ரேட் இன்னொரு வரிசையில், மலேரியா மருந்தான குளோரோகுயின் மற்றொரு வரிசையில் இருந்தாகவேண்டும். துகள் சிவப்பணுவையே உடைத்துவிட்டால், குடியிருக்க வீடில்லாமல் கிருமி செத்திருக்கும். அதை மருந்து என்று சொல்ல முடியாது. துகளுக்கே நிறம் இருப்பதால் ஒளிக்கருவி ஏமாறவும் வாய்ப்புண்டு. அதனால் ஜீம்சா சாயமிட்ட ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் வைத்துக் கண்ணாலும் எண்ணிப்பார்க்கவேண்டும். இந்த வரிசைகள் இல்லாத கட்டுரையை, தலைப்பு எவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

மூலிகையில் மருந்து இருக்குமா என்ற சந்தேகம் எனக்கில்லை. 1971-இல் சீனாவில் து யூயூ, சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, எளிதில் ஆவியாகும் ஈதரில் ஒருவகை மாசிப்பத்திரிச் செடியின் சாற்றை எடுத்தார். அதிலிருந்து வந்த ஆர்ட்டெமிசினின் அவருக்கு 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆனால் அது எடைபோடக்கூடிய ஒரே மூலக்கூறு. துகளின் மேல் படிந்திருக்கும் இலைச்சத்தோ மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆர்ட்டெமிசினினுக்கும் கிருமி மெல்ல ஈடுகொடுக்கப் பழகிவருகிறது. 2023-இல் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதனால் புதிய வழி எதையும் அலட்சியமாகத் தள்ளிவிடவும் முடியாது.

தட்டில் தேறிய துகள் அடுத்து சுண்டெலிக்குப் போகும். மனிதக் கிருமி சாதாரண எலியில் வளராது என்பதால், 1948-இல் காங்கோவின் காட்டெலியில் கண்டறிந்த பெர்கேய் என்ற மலேரியாக் கிருமி இனத்தை ஏற்றி, நான்கு நாள் மருந்து கொடுத்து, வால் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். ரத்தத்தில் செலுத்திய துகள்களில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கும். மலேரியாவில் வீங்கிக் கிடப்பதும் அதே மண்ணீரல்தான்.