காவலும் கருணையும்

பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்த அளவிலே தாய்க்கோழி குரல் கொடுக்கும். அக்குரல் கேட்ட குஞ்சுகள் மேய்ச்சலை விடுத்து ஓடிவந்து அதன் சிறகுக்குள் ஒடுங்கும். பருந்து அகன்ற பின்னரே அவை மீண்டும் வெளிப்படும். பறவையிடத்தும் தன் குஞ்சைக் காக்கும் உணர்ச்சி இத்துணைச் சிறந்து விளங்குமாயின், ஆறறிவு படைத்த மக்களிடத்து அது எத்துணைச் சிறந்திருத்தல் வேண்டும்! ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. கோழிக்குப் பகை இன்னது என்பது அதன் வடிவாலேயே விளங்கிவிடும். மனிதருக்கோ நல்லவரும் தீயவரும் ஒரே வடிவினர். ஆதலின், குழந்தைகளைப் பெற்றோர்க்குக் காவலுணர்ச்சி மட்டும் போதாது. ஆராயும் அறிவும் உடன் வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடி என்னும் ஊர் அமைந்துள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற பழம்பதி இது. பங்குனித் திங்களில் இங்கு நந்தியெம்பெருமானின் திருமண விழா நடைபெறும். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மணமகனாகிய நந்தியோடு எழுந்தருள, மக்கள் திரள் திரளாக வந்து கூடுவர். விழா இல்லாத நாள்களிலும் வைத்தியநாதர் கோயிலை நாடி அயலூரார் வருவதுண்டு. கோயிலுக்கு வழி கேட்போரும், குடிக்கத் தண்ணீர் கேட்போரும், மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்போரும் இத்தகைய ஊர்களுக்குப் புதியவர் அல்லர். தெருவில் விளையாடும் சிறுவரைக் கண்டு, கையிலுள்ள பழத்தையோ மிட்டாயையோ கொடுத்து மகிழ்வதும் வழிப்போக்கருள் பலர்க்கு இயல்பு.

இத்தகைய ஊரொன்றில், வீட்டு வாயிலில் இரு சிறு குழந்தைகள் விளையாடிக் கொண்டிருக்கின்றன என்று கொள்வோம். முன்பின் அறியாத ஒருவர் தெருமுனையில் நெடுநேரம் நிற்கின்றார். குழந்தைகளை அழைத்துப் பேச்சுக் கொடுக்கின்றார். இதனைக் கண்ட தாய் என்ன செய்தல் வேண்டும்? அவள் இருவகையில் பிழைபட இடமுண்டு. ‘யாரோ வழிப்போக்கர்’ என்று வாளா இருந்துவிடுதல் ஒன்று. ‘பிள்ளை பிடிப்பவன்’ என்று கூவி ஊரைக் கூட்டிவிடுதல் மற்றொன்று. இவ்விரண்டும் தீமை பயப்பனவே.

முதற்பிழையின் தீமை வெளிப்படையானது. குழந்தைகளை வஞ்சிப்போர் வன்முறையோடு வருவது அரிது. இன்சொல்லோடு வருவதே மிகுதி. ‘உன் தந்தை உன்னை அழைத்துவரச் சொன்னார்’ என்பர்; ‘காணாமற்போன நாய்க்குட்டியைத் தேட உதவி செய்’ என்பர்; ‘இதனை வீட்டில் சொல்லாதே’ என்பர். குழந்தையின் உள்ளத்தில் இயல்பாக உள்ள ஆசை, இரக்கம், அச்சம் ஆகிய மூன்றும் அவர்க்குக் கருவிகளாகின்றன. எனவே, பெற்றோர் அயர்ந்திருத்தல் ஆகாது.

இரண்டாம் பிழையின் தீமையைத் தமிழ்நாடு 2018-ஆம் ஆண்டில் கண்ணீரோடு கற்றது. அவ்வாண்டின் வேனிற்காலத்தில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் கூட்டம் கூட்டமாக வந்துள்ளனர் என்ற பொய்ச்செய்தி கைப்பேசி வழியே ஊர்தோறும் பரவியது. மே மாதம் 9-ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் உறவினருடன் காரில் புறப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த பகுதிக்குச் சென்றார். தம் குலதெய்வத்தின் கோயிலில் வழிபடுவதே அவர்களுடைய நோக்கம். வழியில் வண்டியை நிறுத்தியபொழுது, அங்கு நின்ற குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார். அன்பினால் செய்த அச்செயலே அவருக்குக் கூற்றாக முடிந்தது. பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணிய மக்கள் திரண்டு அவர்களைத் தாக்கினர். அறுபத்தைந்து வயதுடைய அம்மூதாட்டி உயிர் துறந்தார்; உடன் சென்ற நால்வரும் படுகாயம் அடைந்தனர். அதே நாள்களில், பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வகை ஐயத்திற்கு இரையானார். சூலைத் திங்கள் முதல் நாள், மகாராட்டிர மாநிலத்துத் துலே மாவட்டத்தில் ஐவர் ஒருங்கே கொல்லப்பட்டனர். தாக்கியவருள் பெரும்பாலோர் கொடியோர் அல்லர். தம் பிள்ளைகளைக் காக்கின்றோம் என்று கருதிய பெற்றோரும் உற்றாருமே அவர்கள். அவர்களுள் பலர் சிறை புகுந்தனர். அவர்தம் பிள்ளைகள் காப்பாரின்றித் தவித்தனர். காக்க எழுந்த கையே தன் குடியைக் கெடுத்தது.

அவ்வாண்டு இந்தியாவெங்கும் பரவிய காணொளி ஒன்றின் வரலாறு அறியத்தக்கது. இருசக்கர வண்டியில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனைத் தூக்கிச் செல்வதாக அதில் காட்சி அமைந்திருந்தது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைப் பாதுகாப்பை வலியுறுத்துதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் இறுதியில் அவ்விருவரும் சிறுவனைத் திரும்ப விட்டு, அறிவுரை எழுதிய அட்டையைக் காட்டுவர். யாரோ அவ்விறுதிப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பரப்பினர். குழந்தைகளைக் காக்கச் செய்த படமே குற்றமற்றோரைக் கொல்லும் கருவியாயிற்று! இக்கொடுமைகளின் பின்னர், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்குமேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரையறை செய்தது. அதே ஆண்டு சூலை 17-ஆம் நாள், கும்பல் கொலைகளைத் தடுத்தற்கு மாவட்டந்தோறும் பொறுப்புடைய காவல் அலுவலரை அமர்த்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆராயாது ஒருவர் சொல்லை நம்புதலும் ஐயத்தின்மேல் தண்டித்தலும் எத்தகைய கேட்டினை விளைக்கும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று பகரும். பொற்கொல்லன் சொல்லை உண்மையென்று கொண்டான் பாண்டியன். கோவலனை அழைத்து ஒரு வினாவும் வினவினானல்லன். வினவியிருப்பின் சிலம்பின் பரல் உண்மையை உரைத்திருக்கும். மன்னன் உயிரும் மதுரையும் பிழைத்திருக்கும். வள்ளுவரும் தெரிந்து தெளிதற்கென்றே தனி அதிகாரம் ஒன்று வகுத்துள்ளார்.

அங்ஙனமாயின், முன்னர்க் கூறிய தாய் செய்யத்தக்கது யாது? முதற்கண் அவள் தன் குழந்தைகளை அமைதியாக வீட்டிற்குள் அழைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதன்பின், அக்கம்பக்கத்தார் ஒருவர் இருவரைத் துணைக்கொண்டு, ‘ஐயா, யாரைத் தேடுகிறீர்கள்?’ என்று பணிவோடு கேட்கலாம். வழிப்போக்கராயின் அவர் விடை கூறுவார், வழியறிந்து செல்வார். விடை பொருந்தாதாயின், அவர்தம் தோற்றத்தையும் வண்டியின் எண்ணையும் குறித்துக்கொண்டு 112 என்னும் எண்ணில் காவலரை அழைத்தல் வேண்டும். குழந்தைகளின் இடர் குறித்து உதவி பெறுதற்கு 1098 என்னும் எண்ணும் உள்ளது. இரவும் பகலும் கட்டணமின்றி அதனை அழைக்கலாம். எந்நிலையிலும் கையோங்குதல் முறையன்று. குற்றமுடையவர் என்று முடிவு செய்தல் நீதிமன்றத்தின் கடமை, தெருவின் கடமையன்று. உறுதியறியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்புதலும் கையோங்குதலோடு ஒத்த குற்றமே.

இவை இடர் நேர்ந்தபின் செய்வன. வருமுன் காத்தல் இவற்றினும் சிறந்தது. தம் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தடையின்றிச் சொல்லக் குழந்தைகளைப் பழக்குதல் நன்று. குடும்பத்தார் மட்டுமே அறிந்த அடையாளச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அச்சொல்லைக் கூறாத எவரோடும் குழந்தை செல்லலாகாது. திருவிழாக் கூட்டத்திற்குச் செல்லுங்கால், தொலைபேசி எண் எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்தல் பயன்தரும். எவரேனும் கையைப் பற்றி இழுத்தால், ‘இவர் என் தந்தையல்லர்’ என்று உரக்கக் கூவவும் கற்பித்தல் வேண்டும். குழந்தை காணாமற்போயின், விடியட்டும் என்று காத்திராது உடனே காவல் நிலையத்தில் முறையிடுதல் இன்றியமையாதது. அம்முறையீட்டை வழக்காகப் பதிவு செய்தே ஆதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

பெற்றோர் மறந்துவிடும் உண்மை ஒன்று உளது. குழந்தைகளுக்குப் பாலியல் தீங்கு இழைப்போருள் மிகப் பலர் அயலார் அல்லர். குழந்தையும் குடும்பமும் முன்னரே அறிந்தவர். தெருவில் நிற்கும் புதியவரையே நோக்கியிருப்போர், வீட்டிற்குள் உரிமையோடு வருவோரை நோக்காது விடுகின்றனர். 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற போக்சோ சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் இத்தீங்கினின்று காக்கின்றது. ஆயினும், குழந்தை வாய்திறந்து சொன்னாலன்றிச் சட்டம் துணை செய்தல் அரிது. ஆதலின், ‘நீ எதனைச் சொன்னாலும் யாம் சினவோம், உன் சொல்லை நம்புவோம்’ என்னும் உறுதியைப் பெற்றோர் நாள்தோறும் குழந்தைக்கு அளித்தல் வேண்டும். அச்சமின்றிப் பெற்றோரிடம் பேசும் குழந்தையை வஞ்சித்தல் எளிதன்று.

விருந்தோம்பல் தமிழர்தம் பேரறம். அயலூர்க்காரர் எல்லாரையும் பகைவரென்று எண்ணத் தொடங்கினால் அவ்வறம் நிலைபெறாது. வழி கேட்டு வந்தவர்க்கு வழி காட்டாத ஊரில், நாளை நம் பிள்ளைகள் வழி தவறி நிற்கும்பொழுது கைகொடுப்பார் யாரும் இரார். கண் விழித்திருக்கட்டும், நா இனிது வினவட்டும், கை மட்டும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டு நிற்கட்டும். இவ்வாறு காவலையும் கருணையையும் ஒருங்கே பேணும் ஊரே, தன் குழந்தைகளுக்கும் தன்னை நாடி வருவோர்க்கும் அச்சமற்ற ஊராகும்.